ஸ்டேஷன் கூரை பற்றி ஒரு கடிதம்

அன்புள்ள குமரேசா,

கடிதமும் படங்களும் வந்தன. உன் மாடல் ரயிலுக்குப் பழைய மீட்டர் கேஜ் ஸ்டேஷனையே மாதிரியாகச் செய்ய எடுத்துக்கொண்டது நல்ல முடிவு. நம் மாடலின் அளவு அசலில் 87இல் ஒரு பங்கு. மீட்டர் கேஜின் தண்டவாள இடைவெளி 1000 மி.மீ.யை 87ஆல் வகுத்தால் 11.5 வரும், உன் தண்டவாளம் 12 மி.மீ. அந்த அரை மி.மீ. யார் கண்ணிலும் படாது.

சுவரில் ஒவ்வொரு செங்கல்லாகக் கீறப் போவதாக எழுதியிருக்கிறாய். வேண்டாம். மேஜைமேல் அமைத்த மாடல் ரயில் காட்சியை, அதாவது லேஅவுட்டை, எப்போதும் மேலிருந்துதான் பார்க்கிறோம். முதலில் தெரிவது ஓடு, அடுத்து ஜன்னலின் ஆழம். உன் நேரமெல்லாம் அங்கே போகட்டும்.

பதிமூன்றரை அங்குலச் சுவர் நம் அளவில் 4 மி.மீ. முழுச் சுவரும் அந்தக் கனத்தில் வேண்டியதில்லை. 1 மி.மீ. ஸ்டைரீன் பிளாஸ்டிக் ஷீட்டில் வெட்டி, கதவு ஜன்னல் ஓரங்களில் மட்டும் உள்பக்கமாக 3 மி.மீ. பட்டை ஒட்டினால் போதும். ஜன்னல்களை முதலில் வெட்டு, சுவரின் வெளி ஓரத்தைக் கடைசியில். ஒரே அழுத்தில் அறுக்காதே. லேசாக நாலைந்து முறை கீறி மடக்கினால் தானே உடையும். நீளச் சுவருக்கு 40 மி.மீ.க்கு ஒரு முட்டு உள்ளே கொடு. இரண்டு ஷீட்டை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டுகிற இடத்தில், உள் ஷீட்டில் முன்பே சில துளை போட்டுவிடு. ஸ்டைரீனை ஒட்டுகிற கரைப்பானின் ஆவி வெளியேற வழியில்லாமல் அடைபட்டால், இன்று நேராக நிற்கும் சுவர் சில வாரத்தில் வளைந்துவிடும்.

இனி ஓடு. மங்களூர் ஓடு 410 மி.மீ. நீளம், ஓட்டைத் தாங்கும் மரச்சட்டமான ரீப்பருக்கு ரீப்பர் ஏறத்தாழ 320. நம் அளவில் ஒரு வரிசை ஓட்டுக்கான பட்டை 4.7 மி.மீ., வெளியே தெரிவது 3.7. கால் மி.மீ. ஷீட்டை எடுத்து, மை தீர்ந்த பால்பாயின்ட் பேனாவால் 2.4 மி.மீ.க்கு ஒரு கோடு அழுத்திப் போடு. முழு ஷீட்டும் முடிந்த பிறகு குறுக்கே பட்டைகளாக நறுக்கு. பட்டையை நறுக்கிவிட்டுக் கோடு போட்டால் சுருண்டுகொள்ளும், கோடும் கோணும்.

அடிக்கூரை 1 மி.மீ. ஷீட். வாட்டத்துக்கு ஏற்ற முக்கோணத் துண்டுகளை அடியில் வைத்து இறுக்கிவிட்டுத்தான் பட்டையை எடு. இறவாரத்திலிருந்து முகட்டை நோக்கிப் போ. முதல் வரிசைக்கு அடியில் மெல்லிய பட்டை ஒன்று வை. இல்லாவிட்டால் அந்த வரிசை மட்டும் படுத்துக் கிடக்கும், மற்றவை சாய்ந்து நிற்கும். கரைப்பானைத் தூரிகை நுனியால் தொட்டால் போதும். அதிகமானால் அழுத்திய கோடெல்லாம் கரைந்துபோகும். நாலு மீட்டர் சரிவுக்குப் பதின்மூன்று வரிசை வரும். நாலு வரிசைக்கு ஒருமுறை பென்சில் கோடு போட்டுச் சரிபார். ஒரு வரிசை கோணினால் முகட்டு ஓட்டில் வந்து இளிக்கும்.

பெயின்ட் ஒரே சிவப்பாக இருந்தால் பொம்மை வீடுதான். பத்துக்கு ஒரு ஓட்டைக் கொஞ்சம் வெளிறலாகவோ கறுப்பாகவோ தொட்டுவிடு.

விளக்கு வைப்பதென்றால், உள்சுவருக்கு முதலில் கறுப்பு அடி. அடிக்காவிட்டால் சுவரே விளக்காக ஒளிரும். 12 வோல்ட்டில் எல்இடிக்கு 1 கே (1000 ஓம்) ரெசிஸ்டர் போதும்தான், ஆனால் கிராமத்து ஸ்டேஷன் கல்யாண மண்டபமாகிவிடும். 4.7 கே போடு. கூரையை ஒட்டாமல் கழற்றும்படி வை.

நீ அனுப்பிய படங்களில் பக்கச் சுவர் இல்லை. கூரையின் வாட்டம் அதில்தான் கிடைக்கும். சுவரோடு ஒட்டி ஒரு மீட்டர் குச்சியை நிறுத்தி, நேர் எதிரே நின்று ஒரு படம் எடுத்து அனுப்பு. முக்கோணத் துண்டுகளின் அளவை வரைந்து தருகிறேன்.

அன்புடன்,
சங்கரன்