போட்டுக்குக் கடிதம் வைத்திருக்கிறேன்

அன்பு மகனுக்கு,

அப்பா எழுதுவது. லீவுக்குப் போட்டை இழுத்துக்கொண்டு அமெரிக்காவில் இருக்கிற ஒனைடா ஏரிக்குப் போகப்போகிறாய் என்று தங்கச்சி சொல்லித்தான் தெரியும். கிங்ஸ்ரனில் வாசலிலேயே ஏரியும் ஆறும் இருக்க, எல்லை தாண்டிப்போய் மீன் பிடிக்க வேணுமா என்று அம்மா கேட்டா. வால்ஐ மீனுக்கு அந்த ஏரி பேர்போனது, பெடியன் ஆசைப்பட்டால் போகட்டும் என்று நான்தான் சொன்னேன். பேரனும் வருகிறானாம்.

போட்டின் லைசென்ஸ் இன்னும் என் பேரில்தான் கிடக்கிறது. போடரில் யாருடைய போட் என்று கேட்டால் வாயால் சொன்னால் காணாது. நீ கொண்டுபோய்த் திருப்பிக் கொண்டுவர எனக்குச் சம்மதம் என்று எழுதி, நொத்தாரிசுக்கு முன்னால் கையெழுத்து வைத்து, லைசென்ஸ் பிரதியோடு இதற்குள் வைத்திருக்கிறேன். றெயிலர் பேர்மிற்றையும் மறவாமல் எடு. போகமுன் கனடாச் சுங்கத்தில் எஞ்சினின் தொடர் இலக்கத்தைக் காட்டி, அவர்கள் தரும் சின்ன அட்டையில் பதிந்து வை. இல்லாவிட்டால் திரும்பி வரும்போது எஞ்சின் அங்கே வாங்கினதோ என்று கேட்கக்கூடும்.

பேரனுக்கும் ஒரு கடிதம் வேணும். 16 வயதுக்குக் கீழ் என்பதால் தரைவழியில் அவனுக்குப் பிறப்புச் சான்றிதழ் போதும். ஆனால் தாயோ தகப்பனோ ஒருவர் மட்டும் பிள்ளையைக் கூட்டிப்போனால் மற்றவரின் சம்மதக் கடிதம் கையில் இருக்கவேணும். அதை நான் எழுத ஏலாது. மருமகளும் கூட வருவதென்றால் கடிதமே தேவையில்லை. வருகிறாவோ?

பாலத்தில் கவனம். ஆயிரம் தீவுப் பாலத்தில் போக ஒன்று, வர ஒன்று என்று இரண்டே லேன். உயரத்தில் காற்று அடித்தால் போட் உன்னைப் பக்கத்துக்கு இழுக்கும். மெதுவாகப் போ, பின்னால் நிற்கிறவன் ஹோர்ன் அடித்தால் அடிக்கட்டும். 1938 ஆகஸ்டில் திறந்த பாலம் அது. அதே ஆகஸ்டில்தான் எங்கட வல்வெட்டித்துறையில் கட்டின அன்னபூரணி என்ற பாய்க்கப்பல், ஊர்ப் பெடியள் ஓட்டிக்கொண்டுபோக, அமெரிக்காவின் மசச்சூசெற்ஸில் குளொஸ்ரர் துறைமுகத்தைப் பிடித்தது. அந்த ஊர் இரத்தம் உனக்கும் இருக்கிறது. நீ றெயிலரைப் பின்னுக்கு எடுத்துத் தண்ணிக்குள் இறக்குகிற வடிவைப் பார்த்து நான் எத்தனை பேரிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். இப்படி எல்லாம் தெரிந்த நீ, ஒரு போன் எடுக்க மட்டும் ஏன் மறக்கிறாய்?

றெயிலரைக் காரில் கொழுவினபிறகு பூட்டு விழுந்த சத்தத்தை நம்பாதே. பின்னைக் குத்தி, முன்சில்லு ஜக்கைச் சுற்றி உயர்த்திப் பார். காரின் பின்பக்கமும் சேர்ந்து எழும்பினால்தான் சரியாகப் பிடித்திருக்கிறது. சங்கிலி இரண்டையும் கீழால் குறுக்கே மாட்டு. முதல் பெற்றோல் நிலையத்தில் இறங்கி, சில்லின் நடுக்குடத்தைக் கையால் தொட்டுப் பார். இளஞ்சூடு என்றால் பயமில்லை, கை வைக்க ஏலாமல் சுட்டால் பெயரிங் போகிறது. கிறீஸ் அடித்தாயோ? போன வருசமும் கேட்டேன்.

திரும்பும்போது ஒனைடாவின் கரையிலேயே போட்டின் அடித்தக்கையைக் கழற்றித் தண்ணி முழுவதையும் வடிய விடு. போட்டில் ஒட்டி வேறு ஏரிக்கும் பரவுகிற வரிச்சிப்பி அந்த ஏரியில் இருக்கிறது. றெயிலர் சட்டத்தில் ஒரு பாசிநூல்கூடத் தொங்கக்கூடாது. தக்கையைக் கழற்றாமல் றோட்டில் இழுப்பது ஒன்ராறியோவில் 2022 முதல் குற்றம். உயிரோடு மிஞ்சின இரைமீனையும் கொண்டுவரத் தடை, பேரன் அழுதாலும் விடாதே.

போன கிழமை வீடியோவில் அவன் நின்ற அறைக்குத் திரைச்சீலை இல்லை. மூலையில் பெட்டிகள் அடுக்கியிருந்தது. அது எந்த அறை என்று அம்மா கேட்டா. தெரியாது என்றேன். சித்திரை வருசத்துக்குப் பிறகு மருமகளின் குரலை நாங்கள் கேட்கவில்லை. உங்கள் விசயத்தில் தலையிட நான் எழுதவில்லை. போடர்க்காரர் சின்னப் பிள்ளைகளிடமும் கேள்வி கேட்பார்கள். கார்க் கண்ணாடியை இறக்கச் சொல்லி, பின்சீற்றைப் பார்த்து, அம்மா எங்கே என்று கேட்டால் அவன் என்ன சொல்லுவான்? பொய் சொல்லப் பழகாத பிள்ளை. அந்தப் பதிலை அவன் வாயில் வைத்துவிடாதே. அதற்கு முன்னமே அவவிடம் போ, போனில் வேண்டாம், நேரில் இருந்து கதைத்துக் கையெழுத்தை வாங்கு. அவ தரமாட்டேன் என்றால் எல்லைக்குப் போகவே வேண்டாம். போட்டை இங்கே கொண்டு வா, பேரனை சிம்கோ ஏரிக்கு நான் கூட்டிக்கொண்டு போகிறேன்.

அவவின் நம்பர் மாறியிருந்தால் அம்மாவுக்கு அனுப்பு. அவ எங்களுக்கு மகள்தான். என்ன நடந்தாலும் அப்படித்தான்.

றெயிலர் ஸ்பெயார் ரயரில் காற்று இருக்கிறதா என்று பார்.

அன்புடன்,
அப்பா