தம்பிக்காக மேளத்தைத் தள்ளி வைத்தவர்களுக்கு

என் மகள் பாப்பாவின் கல்யாணம் முடிந்து 17 நாள் ஆகிறது. மொய் நோட்டைப் பார்த்து ஒவ்வொருவருக்கும் போன் போட்டுப் பேசிவிட்டேன். ஆனால் மொய் நோட்டில் பெயர் வராத சிலர் இருக்கிறீர்கள். உங்களிடம் போனில் பேசினால் அழுதுவிடுவேன், அதனால் எழுதுகிறேன்.

முதலில் மேளக்காரர்கள். என் மகனை ஊரே தம்பி என்றுதான் கூப்பிடும், 19 வயது, ஆட்டிசம், பேச்சு பத்துப் பதினைந்து வார்த்தைதான். தவில் சத்தம் திடீரென்று கேட்டால் தலையைச் சுவரில் மோதிக்கொள்வான், ஒரு திருவிழாவில் கையை உதறிவிட்டு ரோட்டில் ஓடியே போயிருக்கிறான். அதைத் தயங்கித் தயங்கிச் சொன்னபோது நாதஸ்வரக்காரர், "அதுக்கென்னம்மா, நாங்க வளவு முற்றத்துக்குள்ள வரல, முகப்புத் திண்ணையில இருந்தே வாசிச்சுக்கிறோம்" என்றார். தவில்காரர் அதற்கு ஒரு படி மேலே போய், முந்தின இரண்டு சாயங்காலமும் வீட்டுக்கு வந்து, குச்சியைத் தலைக்கு மேல் தூக்கினால் சத்தம் வரும் என்று தம்பிக்குப் பழக்கிவிட்டுப் போனார். செட்டிநாட்டு வீடு உங்களுக்குத் தெரியும், வாசலில் நின்றால் பின்கட்டு வரை நேராகத் தெரியும். தாலி கட்டும்போது திண்ணையில் அவர் குச்சியைத் தூக்க, இரண்டாங்கட்டு நிலைப்படியில் உட்கார்ந்திருந்த இவன் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொள்ள, அப்புறம்தான் கெட்டிமேளம். பாப்பா மணையில் இருந்தபடியே திரும்பித் தம்பியைத்தான் பார்த்தாள். அந்த போட்டோவை எடுத்த பையனுக்கும் நன்றி.

கல்யாணத்துக்குத் தன் வீட்டை மூன்று நாள் காசு வாங்காமல் திறந்துவிட்ட ஆச்சிக்கு என்ன சொல்வது? ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன், ஆச்சி கோபித்துக்கொள்ள மாட்டார். தம்பிக்கு மூன்று வயதில் பேச்சு வராமல் நான் அலைந்தபோது, "பிள்ளையை மடியில போட்டுக் கொஞ்சியிருந்தா பேசியிருப்பான்" என்று சொன்னவரும் இவர்தான். அன்றைக்கு ராத்திரி முழுக்க அழுதேன். பாசம் காட்டாத அம்மாவால்தான் ஆட்டிசம் வருகிறது என்று ஒரு காலத்தில் வெளிநாட்டு டாக்டர்களே சொல்லியிருக்கிறார்கள், ஆட்டிசம் உள்ள ஒரு பையனின் அப்பாவான பெர்னார்டு ரிம்லாண்ட் என்பவர் 1964-லேயே அது தப்பு என்று எழுதிவிட்டார், இதெல்லாம் எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. தெரிந்ததும் ஆச்சியிடம் போய்ச் சண்டை மாதிரியே சொன்னேன். கேட்டுக்கொண்டார். மறுவாரத்திலிருந்து, நான் தம்பியைத் தூக்கிக்கொண்டு தெரபிக்காக மதுரைக்கு பஸ் ஏறும் நாட்களில், பாப்பா ஸ்கூல் விட்டு வந்து ஆச்சி வீட்டு வளவில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதினாள். ஆறு வருஷம். தட்டில் வெள்ளைப் பணியாரம் இருக்கும், பக்கத்தில் ஆச்சி இருப்பார். மன்னிப்பு என்று அவர் ஒரு வார்த்தைகூடச் சொன்னதில்லை, எனக்கும் அப்புறம் அது தேவைப்படவில்லை.

பாப்பாவின் எட்டாம் வகுப்பு டீச்சருக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். ஒருநாள் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார், நானும் மார்க் விஷயம் என்று நினைத்துத்தான் போனேன். "உங்க பையன் எப்படி இருக்கான்னு கேக்க ஊர்ல ஆயிரம் பேர் இருக்காங்க. இவ எப்படி இருக்கான்னு யாரும்மா கேக்குறது? ஒரு சிநேகிதியைக்கூட வீட்டுக்குக் கூப்பிட்டதில்லையாமே" என்றார். எனக்குச் சுருக்கென்றது. தம்பி முடியைப் பிடித்து இழுத்தாலும் அவள் கத்த மாட்டாள், கத்தினால் அவன் இன்னும் மிரளுவான் என்று. அதை நாங்கள் சமத்து என்று நினைத்துக்கொண்டிருந்தோம்! அவள் அப்பா அப்போது சிங்கப்பூரில், தெரபிக்கும் டாக்டருக்கும் ஆகும் செலவுக்காகவே 11 வருஷம் அங்கே இருந்தார். லீவில் வந்தால் தம்பி அவரை யாரோ ஒருவர் போலப் பார்ப்பான். அது அவருக்கு எப்படி இருந்திருக்கும் என்று நான் கேட்டதே இல்லை, என் மாமியார்தான் கேட்டார்.

ஆட்டிசம் அளவைப் பார்க்க நம் நாட்டில் ஒரு கேள்வித்தாள் உண்டு, 40 கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். 1995-ம் வருஷச் சட்டத்தின் ஊனப் பட்டியலில் ஆட்டிசமே இல்லை, 2016-ல் புதுச் சட்டம் வந்து சேர்த்த பிறகு தம்பிக்குச் சான்றிதழை மாற்றப் போனபோது அந்த 40-க்கும் பதில் சொன்னேன். கண்ணைப் பார்க்கிறானா, சொன்னதையே சொல்கிறானா, எல்லாம் இருந்தது. வீட்டில் மற்றவர்கள் தூங்குகிறீர்களா என்று ஒன்றும் இல்லை. அது இருக்க வேண்டிய இடம் அதுவல்ல, தெரியும். ஆனால் அதைக் கேட்டவர்கள் நீங்கள்தான். பஸ்ஸில் டிரைவருக்குப் பின் சீட்டைத் துண்டு போட்டு வைத்திருந்த கண்டக்டர் அண்ணன், முடிவெட்ட ஐந்து நாளில் ஐந்து தவணை எடுத்துக்கொண்ட சலூன்காரர், ஆத்தங்குடியில் தரைக்குப் பதிக்கும் பூக்கல் போடும் அந்த அண்ணன். கண்ணாடியில் வார்த்த கல்லிலிருந்து கண்ணாடியை உரிக்கிற அந்த ஒரு நொடிக்காகத் தம்பி மணிக்கணக்கில் நிற்பான், அவரும் நிற்க விட்டார். அந்த நேரங்களில்தான் நான் ஓரமாக உட்கார்ந்து கண்ணசந்திருக்கிறேன்.

அப்புறம் சம்பந்தி வீடு. இதற்கு முன் இரண்டு வரன், ஜாதகமெல்லாம் பொருந்திய பிறகு, தம்பியைப் பார்த்ததும் போன் எடுப்பதை நிறுத்திவிட்டார்கள். குற்றம் சொல்லவில்லை, பயம் இருக்கும். ஆட்டிசத்தில் மரபணுவுக்குப் பங்கு உண்டுதான், அதை இவர்களிடமும் மறைக்கவில்லை. சம்பந்தி அம்மா நேராகவே கேட்டார்: "உங்களுக்குப் பின்னாடி இவனை யாரு பாக்குறது, எங்க மருமகளா?" என்னை நானே கேட்கப் பயந்த கேள்வி. 18 வயது முடிந்துவிட்டால் பெற்றவர்களே ஆனாலும் தானாகச் சட்டப்படி பாதுகாவலர் ஆக முடியாது, 1999-ம் வருஷத்து தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி கலெக்டர் தலைமையிலான உள்ளூர்க் குழு நியமிக்க வேண்டும், அதில் விண்ணப்பித்து இவன் அப்பா பெயரில் வாங்கியிருக்கிறோம், பின்னாளைக்குப் பணம் ஒதுக்கிக்கொண்டிருக்கிறோம், ஆனால் ஆள் யார் என்பது இன்னும் முடிவாகவில்லை என்று உள்ளதைச் சொன்னேன். பாப்பா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். சம்பந்தி அம்மா அவளைத் தடுத்து, "நீ இன்னைக்கு வாக்குக் கொடுக்காதே, அது பெரிய விஷயம், எல்லாரும் சேந்து யோசிப்போம்" என்றார். என் மகளுக்காக அப்படிப் பேச எனக்குத் தோன்றவில்லையே என்று இருந்தது. மாப்பிள்ளை அதற்குள் தரையில் தம்பி பக்கத்தில் உட்கார்ந்து, அவனோடு சேர்ந்து பூக்கல்லை எண்ணிக்கொண்டிருந்தார்.

கடைசியாக ஒன்று. சமையல்கட்டிலிருந்து யாருடையதோ ஒரு எவர்சில்வர் தூக்கு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டது. இந்த ஊரில் பெயர் வெட்டாத பாத்திரம் அது ஒன்றாகத்தான் இருக்கும். தம்பி அதை எங்கள் தூக்குகளோடு வரிசையில் வைத்துவிட்டான், எடுத்தால் சத்தம் போடுகிறான். உங்களுடையது என்றால் வாருங்கள், ஆனால் அதே அளவில் இன்னொன்றைக் கையோடு கொண்டுவந்தால் புண்ணியமாகப் போகும்.