கியூ குறியீடுகளை நம் மலை வட்டங்களில் கற்பிக்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தந்திச் சேவை குறித்துத் தங்கள் நாளிதழில் அண்மையில் வெளியான கட்டுரையில், தந்தி இயக்குநர்கள் கையாண்ட சுருக்கக் குறியீடுகள் 2013 ஜூலையில் அச்சேவையோடு சேர்ந்து மறைந்துவிட்டதாகக் கூறப்பட்டிருந்தது. அவற்றுள் கியூ குறியீடுகள் இன்றும் வழக்கில் உள்ளன என்பதையும், தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்கு அவை தேவை என்பதையும் தெரிவிக்கவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

கியூ என்னும் எழுத்தில் தொடங்கும் மூன்றெழுத்துக் குறியீடுகளை முதலில் பிரிட்டிஷ் அரசு கப்பல்களுக்கும் கரையோர நிலையங்களுக்குமாக வகுத்தது. 1912-இல் லண்டனில் கூடிய பன்னாட்டு வானொலித் தந்தி மாநாடு அவற்றை எல்லா நாடுகளுக்கும் பொதுவாக்கியது. கியூ.டி.எச். என்பதன்பின் கேள்விக்குறி அனுப்பினால் 'நீங்கள் எங்கே இருக்கிறீர்கள்?' என்று பொருள். கேள்விக்குறி இல்லாமல் ஊர்ப்பெயரோடு அனுப்பினால் அதுவே விடையாகிவிடும். பிற நிலையங்களின் குறுக்கீட்டுக்குக் கியூ.ஆர்.எம்., இடிமின்னலால் எழும் இரைச்சலுக்குக் கியூ.ஆர்.என்., 'மெதுவாக அனுப்புக' என்பதற்குக் கியூ.ஆர்.எஸ். என்று வகுத்திருப்பதால், ஒருவர் மொழி மற்றவருக்குத் தெரியாத நிலையிலும் நார்வேக் கப்பலும் ஜப்பானிய நிலையமும் தடுமாறாமல் பேசிக்கொள்ள முடிந்தது. இவற்றோடு குழப்பம் நேரக்கூடாது என்பதற்காகவே எந்த நாட்டு நிலையத்தின் அடையாளப் பெயரான அழைப்புக்குறியும் கியூவில் தொடங்குவதில்லை. எத்தனை தொலைநோக்கோடு எண்ணிச் செய்த ஏற்பாடு இது! விமானிகள் உயரமானியைச் சரிசெய்யக் கேட்டறியும் காற்றழுத்த அளவுக்கு இன்றும் கியூ.என்.எச். என்றே பெயர்.

நம் அஞ்சல் தந்தித் துறையிலும் தீபாவளிக்கு ஓர் எண், திருமணத்துக்கு ஓர் எண் என்று வாழ்த்து வாக்கியங்களுக்கு எண்கள் இருந்தன. கம்பியில் எண் மட்டும் சென்றாலும், மணவீட்டாரின் கைக்கு முழு வாழ்த்தும் போய்ச்சேர்ந்தது.

கியூ குறியீடுகளின் தேவையை நம் பகுதிக்கு உணர்த்தியது 2024 டிசம்பர்த் தொடக்கத்தில் பெய்த ஃபெஞ்சல் புயல் மழையாகும். ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அத்தகைய வேளையில் மின்சாரம் நின்றுபோனால், அலைபேசிக் கோபுரங்கள் மின்கலத்தில் சில மணி நேரமே தாங்கும். சித்தேரி, வத்தல்மலை, அஞ்செட்டி போன்ற பகுதிகளின் உட்கிராமங்கள் பலவற்றில் சாதாரண நாளிலேயே அலைபேசித் தொடர்பு சீராகக் கிடைப்பதில்லை. உரிமம் பெற்ற ஆர்வலர்கள் கையாளும், கார் மின்கலத்தில் இயங்கும் சிறிய அமெச்சூர் வானொலிக் கருவியோ கோபுரம் எதையும் நம்பியிருப்பதில்லை. குரலை விட, எழுத்துகளைக் குறுகிய, நீண்ட ஒலிகளால் குறிக்கும் மோர்ஸ் ஒலி மிகக் குறுகிய அலைவரிசையில் அடங்குவதால், பேச்சு புரியாத அளவு இரைச்சலிலும் அது காதில் பிடிபடும். அவ்வாறு ஒவ்வோர் எழுத்தாகத் தட்டி அனுப்பும்போது, ஒரு வாக்கியத்தை மூன்றெழுத்தில் முடிக்கத் தெரிந்தவரால்தான் மின்கலம் தீர்வதற்குள் செய்திகளை அனுப்பி முடிக்க இயலும். 2004 டிசம்பரில் ஆழிப்பேரலை தாக்கியபோது, அமெச்சூர் வானொலி நிகழ்ச்சிக்காகப் போர்ட் பிளேர் சென்றிருந்த பாரதி பிரசாத்தின் குழுவினர், தொலைபேசித் தொடர்பு அறுந்த அந்தமான் தீவுகளிலிருந்து உறவினர்களுக்கும் அதிகாரிகளுக்கும் செய்தி சேர்த்ததை நாடறியும்.

ஆகவே, இரு மாவட்ட ஆட்சியர்களும் பேரிடர் மேலாண்மைப் பயிற்சியில் மோர்ஸையும் கியூ குறியீடுகளையும் சேர்க்க வேண்டும் என்றும், தேசிய மாணவர் படையிலும் நாட்டு நலப்பணித் திட்டத்திலும் உள்ள கல்லூரி மாணவர்களை ஒன்றிய அரசின் அமெச்சூர் வானொலி உரிமத் தேர்வுக்கு ஆயத்தப்படுத்த வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறேன். பயிற்றுவிக்க ஆள் இல்லை என்ற தடையும் பெரிதன்று. ஓய்வுபெற்ற தந்தி ஊழியர்களையும் காவல்துறைக் கம்பியில்லாப் பிரிவினரையும் அழைத்தால் மகிழ்ந்து வருவார்கள். எல்லா வட்டங்களிலும் ஒரே நேரத்தில் இயலாவிட்டால், அடுத்த வடகிழக்குப் பருவமழைக்கு முன் அரூரிலும் ஊத்தங்கரையிலுமாவது தலா ஒரு நிலையத்தை நிறுவித் தொடங்கலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தந்தி ஊழியர் ஒருவர்,
அரூர், தருமபுரி மாவட்டம்.