ட்ரூரோ கப்பல் விளையாட்டுக்கு எந்த உரிமம்?

அன்பு நண்பா,

நீ அனுப்பிய பிடிஎஃபை முழுவதும் படித்தேன், ஞாயிற்றுக்கிழமை எங்கள் மேசையில் ஆடியும் பார்த்துவிட்டோம். 1860-இல் மெட்ராஸிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிக்கொண்டு தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்குப் போன ட்ரூரோ கப்பலை வைத்து, ஆளுக்கொரு பாத்திரமாகப் பகடை உருட்டி ஆடும் ஒரு ரோல்பிளேயிங் விளையாட்டு எழுதப்போகிறேன் என்று நீ சொன்னபோதே நன்றாக வரும் என்று தெரியும், ஆனால் கீழ்த்தளத்தில் தண்ணீர் பங்கிடும் கட்டம் இப்படி மனத்தைப் பிசையும் என்று எதிர்பார்க்கவில்லை. என் பெரிய மகள் தன் பங்குத் தண்ணீரைப் பக்கத்தில் இருந்த குழந்தைக்குக் கொடுத்துவிட்டாள். அடுத்த பகடையிலேயே அவள் பாத்திரம் மயங்கி விழுந்ததும் மேசையில் ஒரே கூச்சல்.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (டி அண்ட் டி) என்ற பிரபலமான ரோல்பிளேயிங் விளையாட்டின் ஐந்தாம் பதிப்பு விதிகளை அடிப்படையாக வைத்து எழுதியிருக்கிறாய், நாளைக்கு அதை வெளியிடும் விசர்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் கம்பெனி வந்து கேட்டால் என்ன செய்வது என்று உனக்குப் பயம். பயப்பட வேண்டியதில்லை. ஆனால் வேறு யாரோ புத்தகத்தின் கடைசியில் போட்ட பழைய ஓஜிஎல் (ஓபன் கேம் லைசன்ஸ்) உரிமப் பக்கத்தை அப்படியே எடுத்து ஒட்டிவிடாதே.

ஒரு விளையாட்டை ஆடும் முறைக்கு அமெரிக்கச் சட்டப்படி பதிப்புரிமை கிடையாது, அதை விளக்கி எழுதிய எழுத்துக்குத்தான் உண்டு. இருபது முகப் பகடையை உருட்டி வந்த எண்ணோடு இன்னொன்றைக் கூட்டுவதை யாரும் தன் சொத்து என்று சொல்ல முடியாது. ஆனால் எதுவரை முறை, எங்கிருந்து எழுத்து என்று கோடு கிழிக்க வேண்டுமென்றால் கோர்ட்டுக்குப் போக வேண்டும், டர்பனில் இருந்து நீயோ மொரீஷியஸில் இருந்து நானோ அமெரிக்காவில் வக்கீல் வைத்து வாதாட முடியுமா? திறந்த உரிமம் நமக்கு உதவுவது இங்கேதான். இவ்வளவையும் எடுத்துக்கொள், நான் வழக்குப் போட மாட்டேன் என்று முன்கூட்டியே எழுத்தில் கிடைத்துவிடுகிறது. பெரிய கம்பெனிகளுக்கு இது ஒரு வசதி, நமக்கோ இது இல்லாவிட்டால் புத்தகமே இல்லை.

2000-இல் விசர்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் மூன்றாம் பதிப்போடு சேர்த்து ஓபன் கேம் லைசன்ஸைக் கொடுத்தது. அதை முன்னின்று நடத்திய ரயன் டான்சி திறந்த மென்பொருள்காரர்களிடமிருந்து எடுத்த யோசனை அது: மற்றவர்கள் எல்லாம் நம் விதிகளுக்குக் கதை எழுதினால் நம் அடிப்படைப் புத்தகம்தான் இன்னும் விற்கும். நல்ல கணக்கு. 2008-இல் நாலாம் பதிப்புக்கு வேறு கடுமையான உரிமம் கொண்டுவந்தார்கள், உடனே பைசோ என்ற இன்னொரு கம்பெனி, மூன்றாம் பதிப்பின் திருத்திய வடிவமான பழைய 3.5 விதிகளை அதே ஓஜிஎல்லின் கீழ் எடுத்து அடுத்த வருஷமே பாத்ஃபைண்டர் என்ற தன் விளையாட்டை வெளியிட்டது. 2016-இல் ஐந்தாம் பதிப்பின் விதிகளும் ஓஜிஎல்லுக்குள் வந்தன, எல்லோரும் இது என்றைக்கும் இருக்கும் என்று நம்பித் தொழில் நடத்தினார்கள்.

அப்புறம்தான் 2023 ஜனவரி. புது உரிமத்தின் வரைவு வெளியே கசிந்தது. வருஷத்துக்கு 7,50,000 டாலருக்கு மேல் வருமானம் வந்தால் அதற்கு மேற்பட்ட தொகையில் 25 சதவீதம் ராயல்டி, 50,000 டாலரைத் தாண்டினாலே கணக்குக் காட்ட வேண்டும், நீ எழுதியதை அவர்கள் காசு கொடுக்காமல் எடுத்துப் பயன்படுத்தலாம். இதெல்லாம் ஒரு பக்கம் இருக்கட்டும். பழைய ஓஜிஎல் இனி அங்கீகரிக்கப்பட்டதல்ல என்று ஒரு வரி இருந்தது பார், என்னைப் பொறுத்தவரை பெரிய அநியாயம் அதுதான். பழைய உரிமத்தில் அங்கீகரிக்கப்பட்ட பதிப்பு எதையும் பயன்படுத்தலாம் என்று எழுதியிருந்ததை வைத்துக்கொண்டு, அந்த அங்கீகாரத்தை நாங்களே எடுத்துவிடுகிறோம் என்றார்கள். ஒருபோதும் திரும்பப் பெற மாட்டோம் என்று அதில் வெளிப்படையாக எழுதியிருக்கவில்லை. இருபது வருஷத்துக்கு மேலாக ஆயிரக்கணக்கான பேர் பிழைப்பு நடத்திய ஒரு வாக்குறுதியை இப்படிப் பின்வாங்க நினைத்ததை என்னால் இன்னமும் ஏற்க முடியவில்லை.

ஆட்டக்காரர்கள் சும்மா இருக்கவில்லை. கம்பெனியின் இணையச் சேவையான டி அண்ட் டி பியாண்டின் சந்தாவைக் கூட்டம் கூட்டமாக ரத்து செய்தார்கள். கம்பெனி கொஞ்சம் மாற்றிய வரைவைப் போட்டுக் கருத்துக் கேட்டது, 15,000-க்கும் மேற்பட்டவர்கள் பதில் சொன்னதில் 88 சதவீதம் பேர் அந்த உரிமத்தில் எதையும் வெளியிட மாட்டோம் என்றார்கள். நாங்கள் இங்கே காவடி விரதத்தில் இருந்த நேரம், ஜனவரி 27 அன்று, செய்தி வந்தது: பழைய ஓஜிஎல்லைத் தொட மாட்டோம், ஐந்தாம் பதிப்பின் விதி ஆவணம் (5.1) முழுவதையும் கிரியேட்டிவ் காமன்ஸ் சிசி பை 4.0-இல், அதாவது மூலத்தின் பெயரைக் குறிப்பிட்டால் யாரும் எடுத்து மாற்றி விற்கவும் செய்யலாம் என்ற பொது உரிமத்தில், விடுகிறோம். அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷத்தைச் சொல்லி மாளாது. அந்த உரிமம் விசர்ட்ஸ் எழுதியது இல்லை, அவர்களால் அதை மாற்ற முடியாது, திரும்பப் பெற முடியாது என்று அதிலேயே தெளிவாக இருக்கிறது. 2025-இல் புதிய 5.2 விதி ஆவணமும் அதே உரிமத்தில்தான் வந்தது. 5.1-இன் பிரெஞ்சு வடிவமும் இருக்கிறது, எங்கள் மேசையில் பாதிப் பேர் அதைத்தான் பார்த்து ஆடுகிறார்கள். நாளைக்கு யாராவது தமிழில் மொழிபெயர்த்து விற்றாலும் ஒருவரையும் அனுமதி கேட்க வேண்டியதில்லை, யோசித்துப் பார்!

ஆகவே நீ சிசி பை ஆவணத்திலிருந்து எடுத்ததாகவே போடு. அவர்கள் கொடுத்திருக்கும் நன்றிக் குறிப்பை ஒரு சொல் மாற்றாமல் அச்சிட வேண்டும். ஐந்தாம் பதிப்போடு ஒத்துப்போகும் என்று எழுதலாம், அவர்கள் லோகோவை அட்டையில் போடக் கூடாது. அவ்வளவுதான்.

உன் சொந்த எழுத்தை எப்படி விடுவது என்பது வேறு விஷயம். பைசோவும் மற்றவர்களும் சேர்ந்து கொண்டுவந்த ஓஆர்சி என்ற இன்னொரு திறந்த உரிமம் 2023 நடுவில் முடிவானது, அதில் விதிகள் திறந்தவை, பெயர்களும் கதையும் தானாகவே எழுதியவரிடம் இருந்துவிடும், உன் விதியை எடுத்து மாற்றுகிறவர் தன் மாற்றத்தையும் திறந்து விட வேண்டும். எனக்கு அது பிடிக்கும். ஆனால் உன்னுடையது சின்னப் புத்தகம், தண்ணீர்ப் பங்கீட்டு விதியையும் நோய் விதியையும் தனி ஆவணமாக்கி சிசி பை போட்டுவிடு, கயானாவிலோ ஃபிஜியிலோ ஒருவன் தன் பாட்டன் வந்த கப்பலுக்கு அதை எடுத்து எழுதட்டும். கதைப் பகுதியை உன் இஷ்டப்படி செய். உங்கள் டர்பன் சாட்ஸ்வொர்த்தில் பெரியவர்கள் பாடிக் கொடுத்த பாட்டுகளை மட்டும் எந்தத் திறந்த உரிமத்திலும் சேர்க்காதே, சிசி பை போட்டபின் யார் எதற்கு விற்றாலும் உன்னால் தடுக்க முடியாது, அது அவர்கள் கொடுத்த பொருள், அவர்களைக் கேட்டு முடிவு செய்.

இங்கே எல்லோரும் நலம். காவடிக்கு கோர் த கார்ட் மலைக் கோயிலுக்கு இந்த வருஷமும் போகிறோம், அம்மாவுக்கு மட்டும் முழங்கால் வலி, கீழேயே இருப்பார்.

இன்னொன்று, உன் புயல் விதி எங்களுக்குச் சப்பென்று இருந்தது. எங்கள் நாட்டுப் புயல் எச்சரிக்கை ஒன்றிலிருந்து நாலு வரை ஏறுவதுபோல் ஒவ்வொரு கட்டமாக ஏறுகிற மாதிரி மாற்றி ஆடினோம், கப்பலில் எல்லோருக்கும் வேலை வந்துவிட்டது. தனியாக எழுதி அனுப்புகிறேன், பிடித்திருந்தால் எடுத்துக்கொள், எங்கள் மேசையின் பெயரைப் போட்டால் போதும்.

அன்புடன்,
காத்ர் போர்னிலிருந்து உன் நண்பன்