இளங்கலை வரலாற்றுப் பாடத்திட்டக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பாடத்திட்டக் குழுத் தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

சென்ற பருவத் தேர்வில், தொடக்க காலம் முதல் 1206 வரையிலான இந்திய வரலாற்றுத் தாளில், பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்திலிட்டு எடுத்து ஊர் வாரியத்துக்கு ஆள் தேர்ந்த சோழர் காலக் குடவோலை முறையை விவரிக்கச் சொல்லி ஒரு பத்து மதிப்பெண் வினா கேட்கப்பட்டிருந்ததைத் தாங்கள் அறிவீர்கள். எங்கள் கல்லூரியின் முதலாண்டு மாணவி ஒருவர் அதற்கு உத்திரமேரூர்க் கல்வெட்டின் வாசகத்தை ஒட்டியே விடை எழுதியிருந்தார். வரி செலுத்தும் நிலமும் சொந்த மனையில் வீடும் மறைநூல் பயிற்சியும் உடையவர் பெயர்கள் மட்டுமே குடத்தில் இடப்பட்டன என்றும், நிலமற்றவர்க்கும் பெண்களுக்கும் அங்கே இடமில்லை என்றும், பிராமணர்க்குக் கொடையாக அளிக்கப்பட்ட பிரமதேய ஊர் ஒன்றின் சபை செய்துகொண்ட இந்த ஏற்பாட்டைச் சோழ நாட்டு ஊர்கள் அனைத்துக்கும் பொதுவானதாகக் கொள்ள இக்கல்வெட்டு மட்டும் போதாது என்றும் அவர் எழுதியிருந்தார். கட்டணம் செலுத்தி விடைத்தாள் நகலைப் பெற்றபோது அந்த விடைக்கு 3 மதிப்பெண் இடப்பட்டிருந்தது. ஓரத்தில் ‘விடைக்குறிப்பில் இல்லை’ என்று சிவப்பு மையில் ஒரு குறிப்பும் இருந்தது. எல்லா மக்களும் பங்கேற்ற மக்களாட்சித் தேர்தல் என்று வழிகாட்டி நூலில் உள்ள வாக்கியத்தை அப்படியே எழுதிய மாணவர்களுக்கு 8 மதிப்பெண்ணும் 9 மதிப்பெண்ணும் கிடைத்துள்ளன.

மதிப்பிட்டவரை நான் குறை கூற வரவில்லை. முகாமில் ஒரு நாளில் கட்டுக்கட்டாகத் தாள் திருத்துபவர், கையில் கொடுத்த விடைக்குறிப்பை விட்டு விலகத் துணியமாட்டார் என்பதை ஆசிரியர் எவரும் அறிவார். என் கேள்வி அந்த விடைக்குறிப்பை உண்டாக்கிய பாடத்திட்டத்தைப் பற்றியது. முதற்பருவ வரலாற்றுத் தாளின் ஐந்து அலகுகளில் ஓர் அலகையேனும் மூலச் சான்றுகளை நேரடியாகப் படிப்பதற்கு ஒதுக்கித் தர வேண்டும் என்பதே இம்மடலின் வேண்டுகோள். துறை வழியாக முன்னரே எழுத்தில் வைத்த வேண்டுகோள்தான். பதில் வராததால் பொதுவில் எழுத நேர்ந்தது.

அந்தக் கல்வெட்டை வகுப்பில் படித்தபோது என்ன நடந்தது என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள். சோழ அரசன் முதலாம் பராந்தகனின் 12ஆம், 14ஆம் ஆட்சியாண்டுகளைச் சேர்ந்த, அதாவது 919, 921ஆம் ஆண்டுகளின் இரு கல்வெட்டுகள் உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் உள்ளன. முதல் கல்வெட்டு வாரியத்தில், அதாவது ஊர்ப் பணிகளைக் கவனிக்கும் குழுவில், இருப்பவருக்கு 30 முதல் 60 வரை என்று வயது வரம்பு வைக்கிறது. இரண்டே ஆண்டுகளில் அது 35 முதல் 70 வரை என்று மாற்றப்படுகிறது. ஏன் மாற்றினார்கள் என்று கேட்டது கடைசி வரிசையில் இருந்த, அதுவரை வகுப்பில் வாய் திறவாத ஒரு மாணவர். முதல் ஏற்பாட்டில் ஏதோ சிக்கல் நேர்ந்திருக்க வேண்டும் என்று ஒருவரும், இளையவர்களை விலக்கி வைக்கப் பெரியவர்கள் செய்த வேலையாக இருக்கலாம் என்று மற்றொருவரும் சொல்ல, அவ்வாறு சொல்வதற்குக் கல்வெட்டில் ஆதாரம் எங்கே என்று மூன்றாமவர் மடக்கினார். வரலாற்றுத் துறையில் பயில வேண்டிய முதற்பாடம் அந்த மூன்றாவது கேள்விதான். அதை நான் கற்பிக்கவில்லை, கல்வெட்டுக் கற்பித்தது.

வாரியம் செய்து கணக்குக் காட்டாதவர் மட்டுமன்றி, அவருடைய சிற்றன்னை, பேரன்னை மக்களும் அத்தை, மாமன் மக்களும் உடன்பிறந்தாளை மணந்தவனும் மருமகனும் குடவோலைக்கு ஆகார் என்று உறவுமுறைகளை ஒவ்வொன்றாக அடுக்கும் பகுதி வந்தபோது வகுப்பே சிரித்தது. இன்றைய உள்ளாட்சி ஒப்பந்தங்கள் யார் யார் பெயரில் எடுக்கப்படுகின்றன என்பதை அறிந்த பிள்ளைகள் சிரிக்காமல் என்ன செய்வார்கள்? ஆனால் அதே வகுப்புதான், இந்த ஏற்பாடு அரசனின் ஆணைப்படி, அரசு அலுவலர் உடனிருக்கச் செய்யப்பட்டது என்ற வரியைக் கண்டு, அப்படியானால் இதை ஊரார் தாமாகவே வகுத்துக்கொண்ட ஆட்சி என்று எந்த அளவுக்குச் சொல்லலாம் என்றும் கேட்டது. அந்த மாணவியின் விடை இப்படி உருவானது. அதற்குத்தான் 3 மதிப்பெண்.

தாங்கள் வகுத்த பாடத்திட்டத்தின் முதற்பக்கத்தில், இத்தாளைப் பயில்வோர் ‘சான்றுகளைப் பகுத்தாயும் திறன் பெறுவர்’ என்று கற்றல் விளைவு அச்சிடப்பட்டுள்ளது. வினாத்தாளில் ஒவ்வொரு வினாவுக்கும் எதிரே கே1 முதல் கே6 வரை சிந்தனைப் படிநிலை குறிக்கப்படுகிறது. குடவோலை வினாவுக்கு எதிரே கே4, அதாவது பகுப்பாய்வு என்று இருந்தது. பகுப்பாய்வு செய்தவருக்கு 3, மனப்பாடம் செய்தவருக்கு 9 என்றால், அந்தக் குறியீட்டை அச்சிடும் மையையாவது பல்கலைக்கழகம் மிச்சப்படுத்தலாம். பழைய கற்காலத்தில் தொடங்கிச் சிந்துவெளி, வேத காலம், மௌரியர், குப்தர், பல்லவர், சோழர் என்று ஒரே பருவத்தில் ஓடி 1206இல் மூச்சு வாங்கும் பாடத்தில் பகுப்பாய்வுக்கு நேரம் எங்கே என்று தாங்கள் கேட்கலாம். நானும் அதையேதான் கேட்கிறேன். மதிப்பீட்டுக் குழு வருகிறது என்றால் கோப்புகளுக்கு உறை போடப் பல வாரங்களை ஒதுக்கத் தெரிந்த நமக்கு, ஒரு கல்வெட்டைப் படிக்க ஒரு வாரம் கிடைக்கவில்லை. குரல் சற்று உயர்ந்துவிட்டது, பொறுத்தருள வேண்டும்.

இதற்கு நிதி இல்லை என்று சொல்ல இடமில்லை. தென்னிந்தியக் கல்வெட்டுகள் தொகுதிகள் 1890 முதல் அச்சில் வருகின்றன. அவற்றில் பல இன்று கைப்பேசியிலேயே படிக்கக் கிடைக்கின்றன. தஞ்சைப் பெரிய கோயிலில் குடியமர்த்தப்பட்ட 400 தளிச்சேரிப் பெண்டுகளின், அதாவது கோயில் ஆடல் மகளிரின், பெயர், அவர்கள் எந்தக் கோயிலிலிருந்து வந்தார்கள், எந்தத் தெருச் சிறகில் (வரிசையில்) வீடு, ஆண்டுக்கு 100 கலம் நெல் என்று விவரமாகச் சொல்லும் ராசராசன் கல்வெட்டிலிருந்து ஒரு பக்கம் போதும், ஒரு வாரம் பேசுவதற்கு. பிற்காலத் தாளுக்கு புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரரிடம் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளையின், 1736இல் தொடங்கும் நாட்குறிப்பு இருக்கிறது. தமிழ்வழியில் பயிலும் நம் மாணவர்கள் மொழிபெயர்ப்பின் துணையின்றியே தொடக்கூடிய சான்றுகள் இவை. கடினமான சொற்களுக்கு ஒரு பக்கக் குறிப்பு இருந்தால் ஆசிரியர் சமாளித்துக்கொள்வார்.

பட்டியல்களையும் ஆண்டுகளையும் மாணவர்கள் போட்டித் தேர்வுக்காகத் தாமே படித்துக்கொள்கிறார்கள். அதற்கு நாங்கள் தேவைப்படுவதுகூட இல்லை. கல்லூரி மட்டுமே தரக்கூடிய ஒன்றைத் தர அனுமதியுங்கள் என்றுதான் கேட்கிறோம்.

எனவே, அடுத்த கூட்டத்தில் முதற்பருவத் தாளின் ஓர் அலகை மூலச் சான்றுகளுக்கு ஒதுக்கவும், முன்பின் பாராத ஒரு சான்றுப் பகுதியைக் கொடுத்து அதிலிருந்து எழுதச் சொல்லும் ஒரு பத்து மதிப்பெண் வினாவைச் சேர்க்கவும், சான்று காட்டி எழுதப்படும் விடை குறிப்பிலிருந்து மாறுபட்டாலும் ஏற்கலாம் என்று ஒரு வரியை விடைக்குறிப்பில் எழுதவும் பணிவுடன் வேண்டுகிறேன். பாடப் பகுதிகளைத் தேர்ந்து தொகுத்துத் தர நானும் சில ஆசிரியர்களும் ஊதியம் எதிர்பாராமல் அணியமாக உள்ளோம்.

அந்த மாணவி மறுமதிப்பீட்டுக்கும் விண்ணப்பித்துள்ளார். அதற்கான கட்டணம் கட்டட வேலைக்குச் செல்லும் அவருடைய தாயாரின் கூலியிலிருந்து வந்தது. அத்தாளை மீண்டும் பார்ப்பவரிடம் கல்வெட்டின் பாடத்தையும் சேர்த்துக் கொடுத்தனுப்புமாறு கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
இணைவுக் கல்லூரி ஒன்றின் வரலாற்று ஆசிரியர்