35 நாள் கணக்கு

அன்புள்ள பாப்பா,

அப்பா எழுதுவது. "அவங்களும் என்னை நம்பலப்பா" என்று நேற்று போனை வைத்துவிட்டாய். அம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை. உன் புருஷன் கொடுமைப்படுத்தினான் என்பதை ஏற்காமல், விசாவை மறுத்து ஆஸ்திரேலியத் தீர்ப்பாயம் போட்ட உத்தரவை, நீ அனுப்பியதை, ராத்திரி மூன்று தடவை படித்தேன். முப்பது வருஷம் வக்கீல் குமாஸ்தாவாக இருந்தவனுக்கு அந்தப் பாஷை புதிதில்லை.

முதலில் தேதி. ஆஸ்திரேலியாவில் விசா வழக்கை ஃபெடரல் சர்க்யூட் அண்ட் ஃபேமிலி கோர்ட்டில் போட 35 நாள்தான். உத்தரவு போட்ட தேதியிலிருந்தே கணக்கு ஓடும். அது உன் கைக்கு எப்போது வந்தது என்று பார்க்க மாட்டார்கள். பிந்தினால் அவகாசம் கேட்கலாம், அதற்கே தனியாக வாதாட வேண்டும். அந்த நிலைமைக்கு விடாதே.

இதை அப்பீல் என்று நினைத்துப் போகாதே. நம் ஹைகோர்ட் மதுரைக் கிளையில், கீழே போட்ட உத்தரவை ரத்து செய்யச் சொல்லி செர்ஷியோராரி ரிட் போடுவோமே, அந்த வகை. அவன் உன்னைக் கொடுமைப்படுத்தினானா என்று ஜட்ஜ் விசாரிக்க மாட்டார். தீர்ப்பாயம் சட்டப்படி நடந்ததா என்றுதான் பார்ப்பார். ஜெயித்தாலும் விசா தர மாட்டார். உத்தரவை ரத்து செய்து மறுவிசாரணைக்கு அனுப்புவார். இது தெரியாமல் போனால் அங்கேயும் மனசு விட்டுப்போகும்.

உத்தரவில் எனக்கு ஒரு பிடி கிடைத்தது. நீங்கள் நிஜமாகவே புருஷன் பெண்டாட்டியாக வாழ்ந்தீர்கள் என்று ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். பல கேஸ் அந்தப் படியிலேயே விழுந்துவிடும். உன் பிரமாணப் பத்திரமும், டாக்டர், கவுன்சிலர் கொடுத்த ஆவணங்களும் விதிப்படி இருக்கின்றன என்கிறார்கள். அப்புறம் "காயம் இல்லை" என்று தள்ளிவிட்டார்கள். அந்த ஊர் விதி காயம் கேட்கவில்லை பாப்பா. தன் பாதுகாப்பையோ நலனையோ நினைத்து ஒருத்தி நியாயமாகப் பயப்படும்படி நடந்தாலே போதும். அப்படியும் திருப்தி இல்லையென்றால் சுயேச்சையான நிபுணரின் கருத்தைக் கேட்டே தீர வேண்டும். அதை ஏற்கவும் வேண்டும். உன் விஷயத்தில் கேட்கவே இல்லை. வக்கீலிடம் முதலில் இதைச் சொல்.

தயிர் வாங்கினாலும் பில்லைப் போட்டோ எடுத்து அவனுக்கு அனுப்பியதை உன் பத்திரத்தில்தான் படித்தேன். வீடியோ காலில் அவன் உன் தோளுக்குப் பின்னாலேயே நிற்பான். நான் அதைப் பாசம் என்று நினைத்து, "அனுசரிச்சுப் போம்மா" என்றேன். தப்பு என்னுடையது.

உத்தரவுத் தேதி 3. இன்று 14. இன்னும் 24 நாள் இருக்கிறது, காலண்டரில் வட்டம் போட்டுவிட்டேன். ஃபீஸுக்குப் பணம் நாளைக் காலை பேங்க் திறந்ததும் அனுப்புகிறேன். வக்கீலைப் பார்த்ததும் கூப்பிடு.

அப்பா