சாசனத்தைத் தமிழாக்க உதவிய எல்லோருக்கும்

ஒன்றரை வருஷ ஞாயிற்றுக்கிழமைகளைத் தின்ற வேலை ஒருவழியாக முடிந்துவிட்டது. 1663 ஜூலை 8ஆம் தேதி இங்கிலாந்து அரசர் இரண்டாம் சார்லஸ், இன்றைக்கு அமெரிக்காவின் ஒரு மாநிலமாக இருக்கும் ரோட் ஐலண்ட் குடியேற்றத்துக்குக் கொடுத்த சாசனம் முழுசாகத் தமிழில் என் மேசைமேல் இருக்கிறது. பிராவிடன்ஸ் நகரில் இத்தனை வருஷம் குடியிருந்தும், சட்டமன்றக் கட்டிடத்துச் சுவரில் பொறித்திருக்கும் வாசகம் எங்கிருந்து வந்தது என்று நான் யோசித்ததில்லை. என் பெண் பள்ளிக்கூடத்தில் கேட்டுக்கொண்டு வந்து என்னைக் கேட்டபோது முழித்தேன், அங்கே ஆரம்பித்தது.

முதல் நன்றி பக்கத்து வீட்டுக்காரருக்கு. சரித்திர ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். இந்தச் சாசனத்தில் ஒரே சொல்லை இரண்டு மூன்று விதமாக எழுதியிருப்பார்கள், ஒரு வாக்கியம் ஆரம்பித்தால் மூச்சு வாங்கும் வரை போகும், கண்ணால் படித்தால் ஒன்றும் பிடிபடாது. அவர் வாய்விட்டுப் படிப்பார், நான் கேட்டு எழுதிக்கொள்வேன். அவர் படித்துக் காட்டித்தான் பக்கத்துக் குடியேற்றமான கனெக்டிகட்டோடு இருந்த எல்லைத் தகராறே எனக்குப் புரிந்தது. அதற்கு முந்தின வருஷம், 1662இல், கனெக்டிகட்டுக்கு அதே அரசர் கொடுத்த சாசனம் கிழக்கே நரகன்செட் ஆறு வரை எல்லை போட்டிருந்தது. அப்படியே விட்டால் ரோட் ஐலண்டின் பாதி நிலம் போய்விடும். அதனால் இரண்டு பக்கத்துப் பிரதிநிதிகளும் லண்டனில் உட்கார்ந்து பேசி, மேற்கே ஓடும் பாக்கடக் ஆற்றுக்கு ‘நரகன்செட் ஆறு’ என்று இன்னொரு பெயரைச் சூட்டிவிட்டார்கள்! அந்தப் பெயர் சாசனத்திலேயே ஏறிவிட்டது. ஆறு நகரவில்லை, பெயர்தான் நகர்ந்தது. அப்புறமும் எல்லைச் சண்டை பல பத்தாண்டுகள் நடந்தது, அது வேறு.

தாசில்தார் ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியப்பாவுக்கு இரண்டாவது நன்றி, உண்மையில் இதுதான் பெரிய கடன். நிலத்தை எந்த உரிமையில் கொடுக்கிறார் என்று அரசர் சொல்லும் இடத்தில் நான் மூன்று வாரம் சிக்கிக்கொண்டேன். கென்ட் பகுதியிலுள்ள கிழக்கு கிரீனிச் பண்ணை வகையில் அனுபவித்துக்கொள்ளலாம், படை ஊழியம் கிடையாது, தங்கத் தாதுவோ வெள்ளித் தாதுவோ கிடைத்தால் ஐந்தில் ஒரு பங்கு அரசருக்கு. கடல் கடந்த நிலத்துக்கு லண்டன் பக்கத்துப் பண்ணை எதற்கு என்று நான் குழம்ப, பெரியப்பா போனிலேயே தீர்த்து வைத்தார்: “அது மாதிரிக்குச் சொல்றதும்மா, அந்தப் பண்ணையில என்ன வழக்கமோ அதே வழக்கம் இங்கேயும்னு அர்த்தம். பாளையப்பட்டு மாதிரி கூப்பிட்டா ஆள் அனுப்ப வேண்டியதில்ல. அந்த அஞ்சில ஒண்ணை மேல்வாரம்னு போடு.” போட்டுவிட்டேன். ரோட் ஐலண்டில் எவனுக்குத் தங்கம் கிடைத்தது என்று மட்டும் கேட்காதீர்கள்.

அம்மாவுக்கு. சமய விஷயத்தில் கருத்து வேறுபட்டதற்காக, ஊர் அமைதியைக் கெடுக்காத யாரையும் தொல்லைப்படுத்தக் கூடாது, தண்டிக்கக் கூடாது, நிம்மதியைக் குலைக்கக் கூடாது என்று அடுக்கிக்கொண்டே போய் நாலாவதாக ஒன்று வருகிறது. நான் ‘வினாவுக்கு உட்படுத்துதல்’ என்று எழுதி வைத்திருந்தேன். அம்மா கேட்டுவிட்டு, “ஏன்னு கேட்கவும் கூடாதுன்னு சொல்றான், அவ்வளவுதானே?” என்றாள். அவ்வளவுதான். 1635இல் மாசசூசெட்ஸ்காரர்கள் ரோஜர் வில்லியம்ஸ் என்ற மதபோதகரை ஏன் என்று கேட்டுத்தான் ஊரைவிட்டு ஒதுக்கினார்கள். மறு வருஷம் அவர் வந்து உண்டாக்கிய ஊர்தான் பிராவிடன்ஸ்.

சுவரில் பொறித்த வாசகத்துக்குத்தான் எல்லோரும் சேர்ந்து மல்லுக்கட்டினோம். சமயத்தில் முழு சுதந்திரம் கொடுத்தும் ஒரு நாடு செழிப்பாக நிற்க முடியும் என்று உயிரோட்டமான ஒன்றைச் செய்து காட்டுகிறோம் என்கிறது அது. அந்த ‘ஒன்று’ என்ன? ஆங்கிலத்தில் ‘எக்ஸ்பெரிமென்ட்’ என்று இருக்கிறது. சோதனை என்றால் கடவுள் நம்மைச் சோதிப்பது போல இருக்கிறது. பரிசோதனை என்றால் ரத்தம் எடுக்க ஊசியோடு வருகிற மாதிரி. வாட்ஸ்அப் குழுவில் இரவு ஒரு மணி வரை சண்டை. கடைசியில் ‘உயிருள்ள முயற்சி’ என்று வைத்தோம், எனக்கு இன்னும் முழுத் திருப்தி இல்லை.

என்னைத் திட்டிய தோழிக்கும் நன்றி. என் முன்னுரையின் முதல் வரைவில் அங்குள்ள பூர்வகுடிகளான நரகன்செட் மக்கள் ஒரே ஒரு வரியில் வந்து போனார்கள். வில்லியம்ஸுக்கு நிலம் கொடுத்ததே அவர்களுடைய தலைவர்கள் கனோனிகஸும் மியாண்டனோமியும்தானே, அவர்களை எங்கே என்று கேட்டாள். நியாயம். அந்த நாட்டிலேயே வலிமை மிக்கவர்கள் என்று சாசனமே அவர்களைச் சொல்கிறது, ரோட் ஐலண்டின் சம்மதமில்லாமல் மற்றக் குடியேற்றங்கள் அங்குள்ள பூர்வகுடிகள்மேல் பாயக் கூடாது என்றும் சொல்கிறது. 1675 டிசம்பரில் மாசசூசெட்ஸ், பிளிமத், கனெக்டிகட் படைகள் சதுப்பு நிலத்துக்குள் இருந்த நரகன்செட் கோட்டையைக் கொளுத்தியபோது அந்த வரி யாருக்கும் உதவவில்லை. முன்னுரையைத் திரும்ப எழுதினேன்.

சாசனத்தில் முதல் கவர்னராக வரும் பெனடிக்ட் ஆர்னால்ட், அமெரிக்கச் சுதந்திரப் போரில் துரோகி என்று பெயரெடுத்த ஆர்னால்ட் இல்லை, அவருடைய முன்னோர் என்று திருத்திய பத்தாம் வகுப்புப் பையனுக்கு நன்றி, மானத்தைக் காப்பாற்றினாய். முழுவதையும் தட்டச்சு செய்து கொடுத்த தம்பி மனைவிக்கும்.

இன்னொருவர் இருக்கிறார், மடல் அவரைப் போய்ச் சேராது. ஜான் கிளார்க். 1651இல் குடியேற்றத்தின் வேலையாக லண்டன் போய், இந்தச் சாசனத்தை வாங்கும் வரை பன்னிரண்டு வருஷம் அங்கேயே கிடந்தவர், செலவுக்கு ரோட் ஐலண்டின் நியூபோர்ட் ஊரில் இருந்த சொத்தை அடமானம் வைத்தவர். சுவரில் இருக்கும் அந்த ‘உயிருள்ள முயற்சி’யும் அவர் அரசருக்கு எழுதிய மனுவிலிருந்து வந்ததுதான். 1663 நவம்பரில் சாசனப் பெட்டி நியூபோர்ட் வந்து, கூட்டத்துக்கு நடுவே திறந்து வாசித்து, அரச முத்திரையோடு உயரத் தூக்கிக் காட்டிப் பூட்டி வைத்தார்கள். அரசருக்கு நன்றித் தீர்மானம், அரசரின் அமைச்சரான கிளாரெண்டன் பிரபுவுக்கு நன்றித் தீர்மானம், கிளார்க்குக்கும் நன்றித் தீர்மானம். அவர் செலவழித்த பணத்தைக் கொடுப்பதைத்தான் வருஷக்கணக்கில் இழுத்தடித்தார்கள். அந்தச் சாசனத்தை வைத்துக்கொண்டு, அமெரிக்கா சுதந்திரம் அடைந்த பிறகும், 1843 வரை ஆட்சி நடத்தினார்கள்!

பெரியப்பா, நீங்கள் தேடி வாங்கி அனுப்பிய பழைய வருவாய்த் துறை அகராதிக்கும் கூரியருக்கும் எவ்வளவு ஆயிற்று என்று நாலு தடவை கேட்டுவிட்டேன். தொகையைச் சொல்லுங்கள், இந்த வாரமே அனுப்புகிறேன்.